இருக்கிறது

தட்டோனிலிருந்து ஒன்றரை மணி நேரம்,
ரப்பர் மரங்களுக்குள் புகுந்து புகுந்து.
பைக்கின் பின்சீட்டில் நான்.
நெஞ்சோடு சேர்த்து அணைத்திருப்பது
நூற்றுப் பதினான்கு கேள்விகள்,
மழைக்குப் பயந்து பாலித்தீன் போர்த்தியவை.

சம்பளம் கிடையாது.
சோறும் கொசுவலையும் அவர்கள் பொறுப்பு.
தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில்
பதினேழு வருஷம் பிள்ளை வாங்கிய கைகள்
ஆறு வாரத்துக்குப் பேனா மட்டும் பிடிக்கும் என்று
கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன்.
பார்க்கலாம், கேட்கலாம், குறிக்கலாம்.
தொடக் கூடாது.

சயாமா நியுன் யீக்கு முப்பதுகூட இருக்காது.
கன்னத்தில் தனகா காய்ந்து வெடித்திருக்கிறது.
நாலு ஊருக்கு ஒரே மருத்துவச்சி.
பிரசவ அறைக்கு ஒரு துணித்திரை.
திரைக்கு அப்பால், முதுகைக் காட்டி நின்று,
இரண்டு பாஷையையும் கத்துகிறவன் கோ மியோ,
வீட்டில் ஆவுடையப்பன்.

நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று
எப்படிப் பார்ப்பீர்கள், கேள் தம்பி.
"எந்த நாட்டுக் கொடி அக்கா?"

முதலில் சிரித்தது நான்.
பிறகு கட்டிலில் வலியோடு கிடந்த மி சான்,
எதற்கென்று தெரியாமலே.

தண்ணீர்: இருக்கிறது.
கிணற்றில். கயிறு அறுந்து மூன்று நாள்.
வெளிச்சம்: இருக்கிறது.
மி சானின் புருஷனுடைய செல்போன்.
கட்டத்துக்குள் இதெல்லாம் அடங்காது,
ஓரத்தில் பொடியாக எழுதுகிறேன்,
எழுத்து மழை ஈரத்தில் ஊறுகிறது.

நாற்பத்தொன்று:
மூச்சுவிடாத சிசுவுக்குக் காற்றடைக்கும் பை?
சயாமா அலமாரியைக் காட்டினாள்.
கண்ணாடிக்குப் பின்னால் புத்தம் புதுசாக,
உறைகூடப் பிரிக்காமல்.
இருக்கிறது.
சாவி? என்றேன்.
படிவத்தில் இல்லாத கேள்வி.
சாவி டவுனில், பெரிய சயாமாவின் கொத்தில்.
பை தொலைந்தால் இவள் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

மூன்றேகாலுக்குப் பனிக்குடம் உடைந்தது.
பகலிலேயே இருட்டு. தகரத்தில் மழை.
நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து
கையுறை எத்தனை ஜோடி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
"என்ன சொல்றாங்கன்னு சொல்லவா அக்கா?"
வேண்டாம் தம்பி.
முக்கு என்கிறாள். இன்னும் என்கிறாள்.
இப்போது நிறுத்து என்கிறாள்.

பிள்ளை வந்தது.
சத்தம் வரவில்லை.

துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள்.
உள்ளங்காலைச் சுண்டினாள்.
நாவற்பழ நிறத்தில், துவண்டு, அது பாட்டுக்குக் கிடந்தது.
ஒரே ஒரு தடவை
அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கினேன்.

அந்தக் கண்ணாடி அவ்வளவு மெல்லிசு என்று
ஒன்றரை வருஷமாக யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பையை நான் அழுத்தவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
உறையைப் பல்லால் கிழித்து நீட்டினேன், அவ்வளவுதான்.
பொம்மையை வைத்துப் பழகிய கை அவளுடையது,
நடுங்கவே இல்லை.
தித், நித், தோன் என்று அவள் எண்ண
ஒண்ணு, ரெண்டு, மூணு என்று
என் வாயும் கூடவே போனது.
எத்தனை முறை என்று குறிக்கவில்லை.
பேனா எங்கோ உருண்டு போயிருந்தது.

பூனைக்குட்டியை மிதித்தாற்போல் ஒரு குரல்.
திரைக்கு அப்பால் ஆவுடையப்பன்
அதை மொழிபெயர்க்கவில்லை.
மூக்கை உறிஞ்சினான்.

கொடி வந்தது. முழுசாக.
இருவரும் விரித்துப் பார்த்தோம்.

அந்திக்குக் கண்ணாடிச் சில்லைக் கூட்டிக்கொண்டே
சயாமா ஏதோ முனகினாள்.
உடைந்ததற்குக் காரணம் எழுத வேண்டும், பயமாக இருக்கிறது.
பிறகு வேறு ஏதோ சொன்னாள், உதட்டோரம் சிரிப்பு.
"காத்துன்னு எழுதிக்கலாமாம் அக்கா."

எழுதினேன்: காற்று.
பொய் என்று எவரும் சொல்ல முடியாது.

நாற்பத்திரண்டு:
பிறந்த குழந்தையை நிறுக்கத் தராசு?
வாசலில் செருப்புக்கூடப் போடாமல்
மி சானின் புருஷன் ஓடிக்கொண்டிருந்தான்,
தோட்டத்தில் ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசை
இரவல் கேட்டு வாங்க.